மூணாம் நம்பர் செட்டுக்கு ஸ்ட்ரெஸ்

கடகட கடகட கடகட... கடக்.

நின்றுவிட்டது!

கண்ணைத் திறக்கும் முன்பே நான் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டேன். ஜெனரேட்டரைப் போட வேண்டுமே! லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி, இருட்டாக இருந்த இடத்துக்குள் நுழைந்து, சுவரில் ஸ்விட்சைத் தடவினேன். கையில் ஏதோ ஈரமாகப் பட்டது.

மாட்டு மூக்கு. பக்கத்து வீட்டுக் கொட்டகை. பட்டப்பகல்.

"ஏனுங்க, நின்னது நம்ம ஊட்டு ஃபேனு. கரண்டு போயிருச்சு. மாட்டை உட்டுட்டு வந்து படுங்க," என்று பின்னாலிருந்து என் மனைவி சாந்தி சொன்னாள்.

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. மாட்டுக்கும் இல்லை. அந்த வாரத்தில் இருவருக்கும் பழகிவிட்டது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் எனக்கு நைட் டூட்டி. அங்கே மூணாம் நம்பர் செட் நாலு பக்கமும் மூடிய கோழிக் கொட்டகை. பெரிய பெரிய ஃபேன் வைத்துக் காற்றை இழுக்கிறார்கள். ஃபேன் ஓடுகிற வரைக்கும் உள்ளே ஏற்காடு. நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே மொத்தக் கோழியும் மூச்சு முட்டிப் போய்விடும். கரண்டு போனால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும். கிளம்பாவிட்டால் சைரன் அடிக்கும். சைரன் அடித்தால் நான் ஓட வேண்டும்.

இதுதான் வேலை. ராத்திரி முழுக்க எதுவும் நடக்காமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம். எதுவுமே நடக்காவிட்டால் நான் பிரமாதமாக வேலை செய்தேன் என்று அர்த்தம். கேட்டால் எல்லோருக்கும் பொறாமை வரும்.

எனக்கும் பிடித்த வேலைதான். நான் பத்தாவது ஃபெயில். வயரிங், மோட்டார், தட்டுத்தடுமாறிக் கொஞ்சம் இங்கிலீஷ், உங்களைப் படுத்துகிற இந்த எழுத்து, எல்லாமே அந்த ஜெனரேட்டர் ரூமில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டது. பகலில் வேலை என்றால் மனிதர்களோடு பேச வேண்டி வரும். அதற்கு நான் இன்னும் ரெடியாகவில்லை.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வெயில் ஏற ஏற மூணாம் நம்பர் செட்டில் முட்டை குறைந்துகொண்டே போனது. "இப்பிடியே போச்சுன்னா எல்லாத்தையுங் கழிச்சு கறிக்குத் தள்ளிட்டு, செட்டைப் பூட்டிர வேண்டீதுதானுங்க," என்று முதலாளி ஒரு நாள் பொதுவாகச் சொல்லிவைத்தார். செட்டைப் பூட்டிய பிறகு நைட் ஆள் எதற்கு? பூட்டுக்குக் காவலா?

இந்த யோசனையோடு வந்து மறுபடி படுத்தால், போனில் முதலாளியின் வாய்ஸ் மெசேஜ்.

"ஏனுங்க செல்வராசு. நானும் ஒரு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க. தீனி சரியா எடுக்கறதில்ல. தூக்கமில்ல. யாராச்சும் கிட்டப் போனா கொத்த வாரது. ஒரே எடத்துல நின்னுட்டு வெறிச்சு வெறிச்சுப் பாக்கறது. முடி வேற கொட்டுது. இது ஸ்ட்ரெஸ்ஸுங்க. உட்டா கைமீறிப் போயிரும். அஸ்தம்பட்டில ஒரு டாக்டரம்மா இருக்கறாங்க, சொல்லி வெச்சுட்டேன். நாளைக்குக் காத்தால டூட்டி முடிஞ்சதும் நேரா அங்க போயிருங்க. செலவு நம்முளுது. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

ஆக, மறுநாள் வேலை என்ன? அஸ்தம்பட்டிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருவது. சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.

எங்கள் பக்கம் ஸ்ட்ரெஸ் என்றால் அது கோழிக்கு வருவது. வெயில் அடித்தால் வரும். ஊசி போட்டால் வரும். இடம் மாற்றினால் வரும். அதற்குப் பவுடர் இருக்கிறது, தண்ணீரில் கலந்துவிடுவோம். அதே சங்கதி மனிதனுக்கு வந்தால் "அவனுக்கு என்னமோ ரோசனைங்க" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு எதையும் கலக்காமல் விட்டுவிடுவோம்.

அதனால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. நாமக்கல்லில் இல்லாத கோழி டாக்டரா? தடுக்கி விழுந்தால் கோழி டாக்டர் மேல்தான் விழ வேண்டும். எதற்கு அஸ்தம்பட்டி?

பதிலையும் நானே கண்டுபிடித்தேன். ஸ்ட்ரெஸ்ஸுக்கு மட்டும் தனி ஸ்பெஷலிஸ்ட்! தானாகப் படித்தவனுக்கு இது ஒரு வசதி. கேள்வியும் அவனே, பதிலும் அவனே, காதைத் திருக வாத்தியார் கிடையாது.

காலையில் டூட்டி முடிந்தது. டாக்டரிடம் வெறுங்கையோடு போக முடியுமா? பேஷண்ட் வேண்டாமா?

செட்டுக்குள் போய், இருப்பதிலேயே மூஞ்சி தொங்கிக் கிடந்த இரண்டு கோழிகளைப் பிடித்தேன். பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, வைக்கோல் பரப்பி, உள்ளே உட்கார வைத்து, சணலால் கட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, உள்ள என்ன?"

"பேஷண்டுங்க."

"என்னது?"

பெட்டி 'கொக்' என்றது.

"கோழியா? கோழிக்கு லக்கேஜ் போடோணுமுங்க."

"போடுங்க. ஆனா சத்தமாப் பேசாதீங்க. அதுங்களுக்கு ஆகாது."

"பஸ்ஸுக்குள்ள நான் சத்தமாப் பேசாம டிக்கெட் எப்பிடிங்க குடுக்கறது?"

"உங்களுக்கு ஒரு உசுரோட அருமை தெரியுமா?" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? எனக்கே தெரியாது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "தெனம் ராத்திரி முழிச்சுக் கெடந்து பாத்தாத்தான தெரியும்! வந்துட்டாரு, லக்கேஜ் போட!"

கண்டக்டர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழே கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். பிறகு பேசாமல் டிக்கெட்டைக் கிழித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம் கொடுப்பது போலப் பதமாகக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மனிதன் என்றால் அப்படித் திருந்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லூர் தாண்டும்போது சாந்தி போன் செய்தாள்.

"ஏனுங்க, போயிட்டிருக்கறீங்களா?"

"ஆமா புள்ள. பஸ்ல."

"முதலாளியண்ணன் எங்கிட்டயுஞ் சொன்னாருங்க. அந்தம்மாகிட்ட எதையும் மறைக்காம சொல்லிருங்க."

"மறைக்கறதுக்கு என்ன இருக்குது? ரெண்டும் பெட்டிக்குள்ளதான இருக்குது. தொறந்து காட்டிர வேண்டீதுதான்."

"என்னதுங்க ரெண்டு?"

"இருக்கறதுலயே மோசமானது ரெண்டு எடுத்தாந்திருக்கறேன்."

"சாமி..." என்றாள் சாந்தி. அது என்னைக் கூப்பிட்டதா, மேலே இருக்கிறவரைக் கூப்பிட்டதா என்று தெரிவதற்குள் சிக்னல் போய்விட்டது.

சேலத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, அஸ்தம்பட்டியில் விசாரித்து அந்த இடத்தைப் பிடித்தேன். மாடியில் கண்ணாடிக் கதவு, ஏசி. சுவரில் ஒரு கடல் படம். இத்தனை சுத்தமான கோழி ஆஸ்பத்திரியை நான் பார்த்ததே இல்லை. அழுக்கு ஆகிவிடுமே என்று பெட்டியைச் சோபாவுக்கு அடியில் தள்ளினேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க சார்."

"பேரெல்லாம் வெக்கறதில்லைங்க. மூணாம் நம்பர் செட்டுன்னு போட்டுக்கங்க."

"இல்ல சார், உங்க பேரு."

"செல்வராசுங்க."

"வயசு?"

"நாப்பத்தெட்டு..." வாரம் என்று சொல்வதற்குள் டைப் அடித்துவிட்டாள். என் வயசும் அதுதான் என்பதால் அவளுக்குச் சந்தேகம் வர வழியில்லை.

"வெயிட் எவ்வளவு இருப்பீங்க?"

"ஒண்ணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மிதானுங்க."

அந்தப் பெண் விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, இந்த மாதிரி இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கே உரிய பொறுமையோடு, "உள்ள போங்க சார், மேடமே பார்த்துப்பாங்க," என்றாள்.

பெட்டியோடு உள்ளே போனேன்.

டாக்டரம்மாவுக்கும் என் வயசுதான் இருக்கும். சிரித்த முகம். ஊசி இல்லை, தராசு இல்லை, கோழியைப் பிடித்துவைக்க ஒரு ஆள்கூட இல்லை. மேஜையும் இரண்டு நாற்காலியும் மட்டும்தான்.

"வாங்க, உட்காருங்க. உங்க முதலாளி சொன்னார். நிதானமாப் பேசலாம். எப்போ இருந்து இப்படி?"

"வெயில் ஆரம்பிச்சதுல இருந்துங்க."

"தூக்கம்?"

"சுத்தமா இல்லைங்க. சின்னச் சத்தம் கேட்டாப் போதும், படபடன்னு அடிச்சுக்கறதுங்க."

"சாப்பாடு?"

"கொறிக்கறதோட சரிங்க. பாதிக்கு மேல அப்பிடியே கெடக்கும்."

அவர் குறித்துக்கொண்டே வந்தார். ஆகா, என்ன பொறுப்பு! எங்கள் ஊர் டாக்டர்கள் கோழியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

"வேலை செய்யற இடம் எப்படி?"

"கூண்டுதானுங்க."

டாக்டரம்மா மெதுவாகத் தலையாட்டினார். "நிறைய பேருக்கு அப்படித்தான் தோணும். தப்பில்லை."

"தோணறதில்லைங்க, கூண்டேதான். ஒரு கூண்டுக்கு எட்டு. திரும்பி நிக்க எடமிருக்காது."

பேனா கொஞ்சம் தயங்கியது. "கூட இருக்கறவங்களோட எப்படி? கோபம்?"

"கோபமுங்களா? பக்கத்துல இருக்கறது மண்டையிலயே கொத்தறதுங்க. ரத்தம் வந்தாலும் உடறதில்ல."

பேனா நின்றுவிட்டது.

"கொத்தறதா?"

"ஆமாங்க. சின்ன வயசுலயே எல்லாத்துக்கும் மூக்கை வெட்டி உட்டாச்சு. அப்பிடியும் அடங்கல."

டாக்டரம்மா நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்தினார். அவர் கை மேஜையில் இருந்த பெல் பக்கம் ஊர்ந்து போனதை நான் கவனித்தேன். காபி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"முதலாளி... உங்ககிட்ட நிறைய எதிர்பார்க்கறாரா?"

"தெனம் ஒரு முட்டை எதிர்பாக்கறாருங்க. அது நாயந்தானுங்களே?"

"தினம் ஒரு முட்டை."

"ஆமாங்க."

"போடலைன்னா?"

"கறிக்குப் போட்டுருவாருங்க."

அவர் பெல்லை அழுத்திவிட்டார்.

அதே நேரத்தில் என் காலடியில் பெட்டி ஆடியது. 'கொக்... கொக்... கொக் கொக் கொக் கெக்கேஏஏ!' சணல் அவிழ்ந்தது. ஒரு கோழி எகிறி மேஜை மேல் ஏறியது. பேனா ஸ்டாண்டு ஒரு பக்கம், டிஷ்யூ டப்பா ஒரு பக்கம். இன்னொரு கோழி கண்ணாடிக் கதவை நோக்கி ஓடியது. சரியாக அந்த நேரம் கதவைத் திறந்த கம்ப்யூட்டர் பெண், "அம்மா!" என்று கத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். கோழி திரும்பி ஓடி டாக்டரம்மாவின் நாற்காலிக்கு அடியில் புகுந்தது. டாக்டரம்மா இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார்.

நான் பெட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே, வைக்கோலுக்கு நடுவில், வெள்ளையாக.

"டாக்டரம்மா!" முட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "முட்டை போட்டுருக்குதுங்க! நீங்க மருந்தே குடுக்கல, சும்மா ரெண்டு வார்த்தை கேட்டதுக்கே! உங்க கைராசியே கைராசிங்க!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். மேஜையில் நின்று அவருடைய கண்ணாடிக் கூட்டைக் கொத்திக்கொண்டிருந்த கோழியைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கியபடியே, கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைத்து, மறுபடி என் முகத்தைப் பார்த்து, மறுபடியும் ஆரம்பித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு சொன்னார்.

"செல்வராசு, எனக்குக் கோழி வைத்தியம் தெரியாது."

"தெரியாதுங்களா?"

"நான் மனுஷங்களுக்குத்தான் பார்க்கறேன். மனசுக்கு."

"அப்பறம் ஏனுங்க எங்க முதலாளி கோழிய இங்க அனுப்பிச்சாரு?"

"அவர் கோழியை அனுப்பலை."

நான் போனை எடுத்து அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடி போட்டேன், அவருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக. இரண்டு பேரும் கேட்டோம். கோழிகளும் கேட்டன.

தீனி சரியா எடுக்கறதில்ல. சாப்பாட்டுத் தூக்குப்போசி தினமும் கட்டிக்கொடுத்தபடியே திரும்பி வருகிறது என்று சாந்தி புலம்பிக்கொண்டிருந்தாள். யாராச்சும் கிட்டப் போனா கொத்த வாரது. போன வாரம் முட்டை லாரி டிரைவர், "ஏனுங்க செல்வராசண்ணா, நல்லாருக்கறீங்களா?" என்று கேட்டதற்கு, "நல்லா இல்லாட்டி நீ என்ன பண்ணப்போற?" என்று அவன் சட்டையைப் பிடித்திருந்தேன். ஒரே எடத்துல நின்னுட்டு வெறிச்சு வெறிச்சுப் பாக்கறது. ஜெனரேட்டர் முன்னால். அது ஓடாமல் சும்மா இருக்கும்போது.

முடி வேற கொட்டுது.

கோழிக்கு ஏது முடி?

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. ஒருத்தனுக்குக் கோளாறு என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். யார் என்பதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சம் அத்தனையும் சொல்லிவிடுவார்கள். தமிழும் அதற்குத் தோதாக, யார் என்று சொல்லாமலே ஒரு ஆளை முழுசாகப் பிரித்துப் போட இடம் கொடுக்கிறது. நாற்பது வருசமாகக் கோழியோடு இருக்கிற எங்கள் முதலாளிக்கு மனிதனைச் சொல்வதற்கும் கோழி வார்த்தைதான் கைவசம் இருக்கிறது. கேட்கிற எனக்கும் கோழிக் காதுதான் இருக்கிறது.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. நான் நல்லாத்தான் இருக்கறேன்," என்றேன்.

"சரி. உங்க காலைப் பாருங்க."

பார்த்தேன். வலது காலில் என் செருப்பு. இடது காலில் சாந்தியுடையது. பூ போட்டது. கண்டக்டர் திருந்திய காரணம் அப்போதுதான் விளங்கியது.

டாக்டரம்மா அதற்குச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தூங்கும்போது என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகறதில்லைங்க. ஆயிருமோன்னுதான்."

மிச்சத்தை நானாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துப் பண்ணையில் ஒரு ராத்திரி ஃபேன் நின்று, ஜெனரேட்டரும் கிளம்பாமல் போனது. காலையில் உதவிக்குக் கூப்பிட்டார்கள் என்று நானும் போனேன். அள்ளி அள்ளி டிராக்டரில் போட்டோம். அந்தப் பண்ணை நைட் ஆள் யாரோடும் பேசாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அந்த ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் எனக்கு ஃபேன் சத்தம் காதை விட்டுப் போவதில்லை. சத்தம் கேட்டால் நின்றுவிடுமோ என்று இருக்கிறது. கேட்காவிட்டால் நின்றுவிட்டது என்று இருக்கிறது.

"கரண்டு போனா சைரன் அடிக்கும்ல?"

"அடிக்குங்க."

"அப்புறம் எதுக்கு நீங்க காதைத் தீட்டிட்டே இருக்கீங்க?"

"சைரன் அடிக்காம போயிட்டா?"

"அப்ப சைரனுக்கு நீங்க சைரன்."

"ஆமாங்க."

"உங்களுக்கு யாரு சைரன்?"

நான் யோசித்தேன். மாட்டு மூக்குதான் ஞாபகம் வந்தது.

"நைட் டூட்டியில இருந்து உங்களை மாத்தச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாமுங்க!"

நான் போட்ட சத்தத்தில் இரண்டு கோழியும் மறுபடி அடித்துக்கொண்டன. "எது வேணாலுஞ் சொல்லுங்க டாக்டரம்மா, மாத்திரை சொல்லுங்க, பத்தியம் சொல்லுங்க. நைட்டை மட்டும் புடுங்கிராதீங்க. அத உட்டா எனக்குன்னு ஒண்ணுங் கெடையாதுங்க."

"நைட்டு அவ்வளவு பிடிக்குமா? இல்ல, பகல் பிடிக்கலையா?"

இதைத்தான் இன்னும் யோசிக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். 'பாசிட்டிவ்வா இருங்க ப்ரோ' என்று எழுத வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து கடந்து போய்விடுங்கள்.

டாக்டரம்மா என் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி நான் எழுந்து நின்றுகொண்டேன். கையில் முட்டை.

"இவருக்கு வாரத்துல ரெண்டு ராத்திரி லீவு வேணும். அந்த ரெண்டு நாளும் பொறுப்பை வேற ஆள்கிட்ட முழுசா விடணும், இவர் போன்கூடப் பண்ணக் கூடாது. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி என்னை வந்து பார்க்கணும். வேலையை எடுத்துடாதீங்க."

"வேலைய யாருங்க எடுக்கறது?" என்றார் முதலாளி. "அந்த ஜெனரேட்டர் அவரு பேச்சை மட்டுந்தானுங்க கேக்குது. செட்டையே பூட்டுனாலும் அவர நான் உடறதா இல்ல. ஆளு பாழாப் போயிறக் கூடாதேன்னுதான் அனுப்பிச்சேன்."

எனக்குத் தலை குனிந்துகொண்டது. செருப்புப் பூ தெரிந்தது.

"அப்பறம், ஏனுங்க டாக்டரம்மா..."

"சொல்லுங்க."

"பின்னால என்னமோ கோழிச் சத்தமாக் கேக்குதே?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இவரே நேர்ல வந்து சொல்வார்," என்று போனை வைத்துவிட்டு, கர்ச்சீப்பை மறுபடி எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். புதுச்சத்திரத்தைத் தாண்டிப் போய் நாமக்கல்லில் எழுப்பி இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ், இன்னொரு லக்கேஜ் டிக்கெட். கண்டக்டரோடு சண்டை போடவில்லை. குணமாகிக்கொண்டிருக்கிறேன் போல.

பண்ணை கேட்டிலேயே முதலாளி நின்றிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டியோடு நான் செட் பக்கம் திரும்பியதும்தான் அலறினார்.

"நில்லுங்க! ஊர் சுத்திட்டு வந்த கோழிய உள்ள உட்டு, சீக்கு கீக்கு ஒட்டிட்டு வந்திருந்தா? உங்க ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க."

ஆக, பேஷண்டுகள் இருவரும் இப்போது சாந்தியோடு இருக்கிறார்கள். அவளிடம் இருவரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன், "பாருங்க, கோழிக்கு இருக்கற அறிவு," என்று.

மூணாம் நம்பர் செட்டுக்கு நாமக்கல்லிலிருந்து நிஜமான கோழி டாக்டர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டு, கையை உதறினார். "வெந்நியக் குடிச்சுட்டு எந்தக் கோழிங்க முட்டை போடும்?" தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டார்கள். முட்டை மெதுவாக ஏறுகிறது. செட்டைப் பூட்டுகிற பேச்சும் நின்றது. கோழிக்கு எல்லாமே சுலபம்.

என் லீவுக்கு ஆள் தேட வேண்டுமே? "எதுக்குங்க வேற ஆளு?" என்றார் முதலாளி. "ரெண்டு ராத்திரிதான? நானே பாத்துக்கறேன். சும்மா உக்காந்துட்டு இருக்கற வேலைதானுங்களே அது?"

"ஆமாங்கண்ணா," என்றேன். வேறென்ன சொல்வது?

முதல் ராத்திரி வீட்டில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைச் சாந்தி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்துவிட்டாள். இரண்டாம் ராத்திரி எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. விடிந்து வெகுநேரம் ஆகியும் நான் அசையாததால், அவள் என் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டூட்டிக்குப் போனேன். இரண்டு காலிலும் என் செருப்பு. ஜெனரேட்டர் ரூமில் முதலாளி இருந்தார். வீட்டுக்குப் போகவே இல்லையாம். கண் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் அவர் வீட்டு டிபன் கேரியர், மூடி திறக்காமல். "ஏனுங்கண்ணா, நல்லாருக்கறீங்களா?" என்றேன்.

"நல்லா இல்லாம என்ன?" என்று வெடுக்கென்று திரும்பினார்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

வெளியே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க செல்வராசு."

"சொல்லுங்கண்ணா."

"அந்த அஸ்தம்பட்டி டாக்டரம்மா... சனிக்கெழமை இருப்பாங்களா?"

"இருப்பாங்கண்ணா. யாருக்குங்க?"

முதலாளி கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்றார்.

"கோழிக்குத்தானுங்க," என்றார்.

நான் டீசல் டேங்கின் மூடியைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டு அளவு பார்க்க ஆரம்பித்தேன்.